இரு கதவுகளுக்கு நடுவில்

பாலம் இடிந்து மூன்று வாரம்.
லாரி போகாது, மோட்டார் சைக்கிளில் ஏறாது.
அதனால் படகில் போகிறது
ஏழு கிலோ சலவை இயந்திரம்,
செகண்ட் ஹேண்ட், முன்பக்கக் கதவு,
நிபோங் தெபால் கடையிலிருந்து
பழைய கரும்புக் கால்வாய் வழியாக
இந்துமதி டீச்சர் வீட்டுக்கு.

படகின் தலைப்பில் மதியழகன்.
வாலில், மோட்டார்ப் பிடியோடு, நான்.
நடுவில் அது, தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு
பேச்சுவார்த்தைக்கு வந்த சம்பந்தி மாதிரி.
எங்களுக்குள் பேச்சில்லை, இன்றோடு நான்காம் நாள்.
"இடது பக்கம் மரக்கட்டை" என்றால்கூட
இயந்திரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறான்.

கிரியான் ஆறு வத்தத்தில் கிடந்தது.
நிப்பா மட்டைகளில்
நேற்றைய ஏத்தம் விட்டுப்போன சேற்றுக்கோடு
என் நெஞ்சுயரத்தில்.

மதகு மேலிருந்து ரொஸ்லான் கையசைத்தார்.
பின்னால் இரும்புப் பலகை இறங்கியது,
சங்கிலியின் நீண்ட கொட்டாவியோடு.
முன்னால் பழைய மரக்கதவு இரண்டு
நெற்றியோடு நெற்றி முட்டி நின்றன.
பக்கத்துக்கு ஒரு பாசிச் சுவர்.
மேலே ஒரு பாய் அகலத்துக்கு வானம்.
"தண்ணீர் விடுகிறேன், இருபது நிமிஷம்"
என்று மலாயில் சொல்லி, சக்கரத்தை நாலு சுற்று சுற்றிவிட்டு
நாசி லெமாக் பொட்டலத்தோடு போய்விட்டார்.

இருபது நிமிஷம்.
நாலு நாள் பேசாதவர்களுக்கு
அது ஒரு பள்ளி ஆண்டுவிழா.

சுவரைப் படித்தேன், வேறென்ன செய்ய.
இரும்புச் சட்டத்தில் தோட்ட முதலாளியின்
இரண்டு எழுத்து, இன்னும் அழுத்தமாக.
வெட்டியவன் எழுத்து எங்கும் இல்லை.
நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்து
இடுப்பளவு சேற்றில் நின்று
கூடை கூடையாய்க் கடலைத் தள்ளிவைத்து
கரும்புத் தோணிக்கு வழிவிட்டவர்கள்.
அவர்கள் எழுத்து கப்பலுக்கு முன்பே தீர்ந்துவிட்டது.
ஒரு தாள், கொஞ்சம் மை, ஒரு கட்டைவிரல்.
படிக்கத் தெரியாமல் வைத்தது.

படிக்கத் தெரிந்தவன் படகுத் தலைப்பில் இருக்கிறான்.
சின்னம்மா மகனுக்கு ஜாமீன்.
பதினோரு பக்கம், பதினோரு கையெழுத்து,
கடைசிப் பக்கத்தில் என் கடையின் பெயர்.
"படிச்சியா?" என்று கேட்டேன், அன்று.
"நம்ம குணசீலன்தானே" என்றான்.

தண்ணீர் ஏறுவது கண்ணுக்குத் தெரியவில்லை,
செங்கல்லைத்தான் எண்ண வேண்டும்.
மேலிருந்து பதினாலாவது வரிசை நனைந்தது.
அப்புறம் வெகுநேரம் கழித்து, பதிமூன்று.
ஒரு நண்டு வரிசை வரிசையாக
வீடு மாற்றிக்கொண்டிருந்தது.
தேங்காய் மட்டை, மைலோ பொட்டலம்,
வேரோடு மிதந்த ஆகாயத்தாமரை
எல்லாம் எங்களோடு சேர்ந்து
சத்தமில்லாமல் உயர்ந்தன.

மதியழகன் தார்ப்பாயை விலக்கினான்.
வட்டக் கதவைத் திறந்து மூடிப் பார்த்தான்.
க்ளிக்.
"இதுவும் இப்படித்தான்," என்றான், இயந்திரத்திடம்.
"தண்ணி நிரம்பிட்டா
வீட்டுச் சாவியே உள்ள மாட்டினாலும் திறக்காது."

நான் பதில் சொல்வதாக இல்லை.
பதினோராவது வரிசை.
"வடிஞ்சா திறக்கும்" என்றேன்,
யாரிடம் என்று எனக்கே தெரியவில்லை.

மோட்டார் அணைந்திருந்ததால்
அவன் மூச்சு விடுவது கேட்டது.
"குணசீலன் போனை எடுக்கல."
"தெரியும்."
"ரெண்டு நாளா."
"தெரியும்னு சொல்றேன்ல."

பத்து. ஒன்பது. எட்டில் நின்றது.

வாயைத் துடைத்தபடி ரொஸ்லான் வந்தார்.
உள்ளும் வெளியும் ஒரே மட்டம் ஆகாமல்
பத்து ஆள் தள்ளினாலும் அசையாத மரம்,
இடுப்பால் ஒரு தட்டுத் தட்டினார், பிரிந்தது.

அந்தப் பக்கம் கால்வாய், நேர்கோடு,
வெயில் விழுந்து கண் கூசியது.
தூரத்தில் கரைமேல் இந்துமதி டீச்சர்
இரண்டு வாளி அழுக்குத் துணியோடு
இப்போதே நின்றுகொண்டிருந்தாள்.

மோட்டாரை இழுத்தேன்.
அப்போதுதான் ஞாபகம் வந்தது.
"ஹோஸ் பைப் எடுத்து வச்சியா?"

மதியழகன் திரும்பினான்.
இயந்திரத்தின் தலைக்கு மேலே கழுத்தை எக்கி
என்னைப் பார்த்தே சொன்னான்:
"மறந்துட்டேன்."